நாற்பத்தொரு மாறிகளும் ஒரு இஞ்ச் டேப்பும்

நான் கேட்டது ஒரு மோட்டார் பம்பு. அவர்கள் கொடுத்தது ஒரு பதவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானாக ஆசைப்பட்டுக் கமிட்டியில் போய் உட்கார்ந்தேன் என்று எங்கள் சந்திலேயே இரண்டு பேர் பேசிக்கொண்டு திரிகிறார்கள்.

என் பெயர் ஷரீஃப். மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் மீரான் சாயபு சந்தில் லேடீஸ் டெய்லர். முன்னறை கடை, பின்னறை வீடு. போன மழையில் எங்கள் சந்தில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. மெஷின் நனைந்தது, தைக்கக் கொடுத்த துணி நனைந்தது, அதெல்லாம் போகட்டும். என் மனைவி ஜஹீதாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் ராயப்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போன வருஷம் தண்ணீரில் ஒரு வெள்ளிக்கிழமை தவறிப்போனது. செவ்வாய்க்கிழமை நொச்சிக்குப்பத்து மீனவன் ராபர்ட் ஆள் கூட்டிக்கொண்டு வந்து, அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப்போனான். அவள் முகம் வீங்கி எனக்கே அடையாளம் தெரியவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நாள் தவறினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது பாய் என்றார். திட்டுகிறார் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்லியிருக்கிறார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதனால் இந்த வருஷம் ஆடி மாதமே மனுவோடு வார்டு ஆபீசுக்குப் போனேன். சந்து முனையில் ஒரு மோட்டாரை வைத்தால் போதும், ராத்திரி பெய்த தண்ணீரை விடிவதற்குள் வெளியே தள்ளிவிடலாம். அங்கிருந்த ஊழியர் நல்ல மனுஷன்தான். கொட்டகையில் வரிசையாக நின்ற மோட்டார்களைக் கையால் காட்டினார். "மோட்டாரு கீது பாய். எந்தத் தெருவுக்குன்னு நாங்க சொல்ல முடியாது. அத வாரியம்தான் சொல்லணும்."

வாரியம் என்றால் தெருவாரி வெள்ள முன்கணிப்பு வாரியம். தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மூன்றாவது மாடி. எத்தனை வெள்ளம் வந்தாலும் வாரியம் இயங்க வேண்டும் என்பதற்காக மூன்றாவது மாடி. ஆவணி முதல் வாரம் அங்கே போய் வராந்தாவில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி கழித்து ஒரு அதிகாரி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். நீங்கள் பொதுமக்களா என்று கேட்டார். இதென்ன கேள்வி என்று தோன்றினாலும், ஆமாம் சார் என்றேன். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

விஷயம் இதுதான். வாரியத்தின் மாறித் தேர்வுக் குழுவில் பொதுமக்கள் தரப்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. அந்த ஒருவர் கிடைக்காமல் மூன்று மாதமாகக் கூட்டம் நடக்கவில்லை. மனுவை நீட்டினேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கீழே என் கையெழுத்து இருந்ததால், அதையே பதவி ஏற்புக் கடிதமாக வைத்துக்கொண்டார்கள். மோட்டார் என்ன ஆயிற்று சார் என்றதற்கு, இப்போது நீங்களே அதை முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறீர்கள் என்று வாழ்த்தினார்கள்.

மாறி என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அஸ்வினி. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் புள்ளியியல் படித்த பெண். மொத்த வாரியத்திலும் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஒரே ஆள். போன வருஷம் நாற்பத்து நான்கு தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். ஒவ்வொரு தெருவைப் பற்றியும் வேறு சில விவரங்களைச் சேர்த்து, எந்த விவரம் கூடினால் தண்ணீர் கூடுகிறது, எது குறைந்தால் குறைகிறது என்று கம்ப்யூட்டர் ஒரு சூத்திரம் போடுமாம். அதற்குத் தொடர்புப்போக்கு மாதிரி என்று பெயர். அந்த விவரங்கள்தான் மாறிகள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதான் குழுவின் வேலை.

அட, இது என் தொழில்தானே என்று எனக்குத் தெம்பு வந்தது. ஒரு பிளவுஸுக்கு மார்பு, இடுப்பு, தோள், கை, கழுத்து, உயரம் எடுத்தால் போதும். மூக்கு நீளத்தை யாரும் எடுப்பதில்லை. இதைச் சொன்னதும் அஸ்வினி சிரித்தாள். "பாய், இதையே உள்ளயும் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க."

உள்ளே குத்துவிளக்கு ஏற்றினார்கள். தலைவர் முனைவர் நிரஞ்சன் பேச எழுந்தார். அவர் என்ன படிப்பில் முனைவர் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

"வெள்ளம் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. ஆகவே மாதிரியும் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒரு மாறியை விடுவது என்பது ஒரு துறையை விடுவது. நான் இந்தப் பதவிக்கு வந்து பதினெட்டு மாதம் ஆகிறது. இதுவரை யாரையும் விட்டதில்லை. எந்தத் தெரு மூழ்கும் என்று நாளைக்கு யாராவது என்னைக் கேட்கலாம். ஆனால் எந்தத் துறை விடுபட்டது என்று யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாது."

கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொரு துறையும் தன் மாறியை மேடையேற்றி அறிமுகம் செய்தது. மின்கம்ப எண்ணிக்கை, ரேஷன் கார்டு எண்ணிக்கை, கொசு மருந்து அடித்த நாட்கள், தெருநாய்கள், பூங்கா பெஞ்சுகள். பெயர்ப்பலகைப் பிரிவிலிருந்து வந்தவர், தெருப் பெயரில் எத்தனை எழுத்து என்பதை ஒரு மாறியாகக் கொடுத்தார். நான் அஸ்வினியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை அளவுக்கு இரண்டு துறைகள் வந்திருந்தன. ஒன்று மில்லிமீட்டரில், இன்னொன்று இஞ்சில். இரண்டும் ஒரே மழை. இடது தோளை ஒரு தடவை சென்டிமீட்டரிலும் அதே தோளை இன்னொரு தடவை இஞ்சிலும் அளந்து இரண்டையும் துணியில் வெட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது. கம்ப்யூட்டர் சூத்திரம் போட மாட்டேன் என்று நின்றுவிட்டது. யார் விட்டுக்கொடுப்பது என்று இரண்டு கூட்டம் நடந்தது. மூன்றாவது கூட்டத்தில் தலைவர் வழி கண்டுபிடித்தார். இஞ்ச் துறை தன் எண்களைப் பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றிக்கொண்டது. இப்போது இரண்டும் சரியாகப் பொருந்தாததால், கம்ப்யூட்டர் அவை வேறு வேறு மழை என்று நம்பிவிட்டது. வந்த விடையை அஸ்வினி படித்தாள். மில்லிமீட்டரில் மழை கூடினால் தண்ணீர் ஏறும். இஞ்சில் கூடினால் தண்ணீர் இறங்கும். இரு தரப்புக்கும் நியாயம் கிடைத்ததென்று நிறைவேற்றினார்கள்.

இதற்குள் ஆவணி முடிந்தது. புரட்டாசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. எங்கள் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. கூட்டத்துக்குப் போகும் நாளெல்லாம் கடையைச் சாத்த வேண்டியிருந்தது. ஜஹீதா ஒவ்வொரு முறையும் மோட்டார் இன்னா ஆச்சு என்று கேட்பாள். மின்கம்பம் வரைக்கும் வந்திருக்கிறோம் என்பேன்.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கும். 0.05க்குக் கீழே இருந்தால் அந்த மாறியை நம்பலாம், மேலே போகப் போக அது சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பூங்கா பெஞ்சு 0.71. அதை எடுத்துவிடலாம் என்று அஸ்வினி சொன்னதும் பெஞ்சுத் துறை அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவர் அவரைத் தேற்றினார். வயது வரம்பைத் தளர்த்துகிறோம், கல்வித் தகுதியைத் தளர்த்துகிறோம், ஒரு எண்ணைத் தளர்த்த முடியாதா என்று கேட்டு, 0.05 என்பதை 0.75 என்று திருத்தி அங்கேயே உத்தரவு போட்டார். தெருப் பெயரின் எழுத்துக்கு மட்டும் எந்தத் தளர்வும் தேவைப்படவில்லை. அது 0.04 வாங்கியிருந்தது. நாற்பதை முயற்சி செய்தால் ஒன்றிரண்டு தற்செயலாக அப்படி வரும் என்று அஸ்வினி சொல்லிப் பார்த்தாள். பெயர்ப்பலகைக்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் சமோசா வாங்கிக்கொடுத்தார்.

மாறிகள் நாற்பத்தொன்றைத் தொட்டன. தெருக்களோ நாற்பத்து நான்கு. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து சொன்னேன். ஒருத்தி உடம்பில் நாற்பது இடத்தில் அளவெடுத்துத் தைத்தால் அன்றைக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும், உண்மைதான். மறுநாள் அவள் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டால் ஹூக் மாட்ட முடியாது. போன வருஷத்து மழைக்கு அச்சாக வெட்டின சட்டை இந்த வருஷத்து மழைக்குச் சேருமா என்று கேட்டேன். நன்றி சொன்னார்கள். கூட்டக் குறிப்பில், பொதுமக்கள் உறுப்பினர் இட்லி குறித்துப் பேசினார் என்று இருந்தது.

அன்றைக்கு மூன்று மாடி இறங்கி வரும்போது அஸ்வினியிடம் வயிறெரிந்து கத்தினேன். பாவம், அவளிடம்தான் கத்த முடியும். எங்கள் சந்து ஏன் முழுகுகிறது என்று சந்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லுமே. நான் கடை போட்டபோது ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறி வீட்டுக்குள் வருவோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு, இப்போது ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்கி வருகிறோம். வாசல் பள்ளம். அது நாற்பத்தொன்றில் எங்கே இருக்கிறது?

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "அத யாரும் அளக்கவே இல்ல பாய்."

என் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் கடையிலிருந்து அப்படியே வந்திருந்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அலைந்தோம். மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு, சிந்தாதிரிப்பேட்டை. ஒவ்வொரு தெருவிலும் பத்து வாசல். நான் மண்டிபோட்டு அளப்பேன், அவள் எழுதிக்கொள்வாள். வீட்டுக்காரர்கள் என்ன தைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் சந்தில் ரோடு வாசலைவிடப் பத்தொன்பது இஞ்ச் உயரம்.

நான்காவது ஞாயிறு அவள் என் கடைக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் சரியில்லை. வாசல் பள்ளம் எடுபடவில்லை என்றாள். முப்பத்தேழு தெருவுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஏழு தெரு மட்டும் தலைகீழாக நிற்கிறது. அந்த ஏழிலும் பள்ளம் மிக அதிகம், ஆனால் போன வருஷம் தண்ணீர் பூஜ்ஜியம்.

எந்த ஏழு என்று கேட்டேன். படித்தாள். ஏழாவது மீரான் சாயபு சந்து.

உள்ளேயிருந்து ஜஹீதா கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "ஜீரோவா? அப்ப என்ன நாக்காலில வச்சி எங்க தூக்கிக்கினு போனாங்களாம்?"

அன்றைக்குச் சாயங்காலமே அந்தக் கணக்கை எடுத்த ஆளைத் தேடிப் பிடித்தோம். மண்ணாங்கட்டி என்று பெயர். வாரியத்தின் களக் கணக்கர், அவரும் ஒப்பந்தம்தான். ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்கக்கூடாது, உயிருக்கு ஆபத்து என்று உத்தரவு. அப்படிப்பட்ட தெருவில் நுழைய இயலவில்லை என்று எழுதிவிட்டு அளவுக் கட்டத்தைக் காலியாக விடுவார். ஆபீசில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் காலிக் கட்டத்தில் பூஜ்ஜியம் போடுவார். "நான் காலியாத்தான் வுட்டேன் பாய். ஜீரோ நான் போடல," என்றார். நிஜந்தான், அவர் போடவில்லை. யாருமே போடவில்லை. ஊரிலேயே அதிகம் முழுகிய ஏழு தெருக்கள் அப்படித்தான் காய்ந்துபோயின.

அஸ்வினி அந்த ஏழையும் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டாள். முப்பத்தேழு தெரு, ஒரே மாறி, வாசல் பள்ளம். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்பதில் நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கு அதிலேயே தெரிந்துவிட்டது. அதைப் பக்கத்தில் வைத்ததும் நாய், பெஞ்சு, கொசு எல்லாம் ஒன்றுமில்லாமல் போயின. அந்தச் சூத்திரம் எங்கள் சந்துக்கு முப்பத்தைந்து இஞ்ச் தண்ணீர் என்றது. போன வருஷம் என் இடுப்பில் நின்றது சரியாக அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கம்ப்யூட்டர் எங்களை நம்பியதே என்று.

ஐப்பசி பிறந்து முதல் கூட்டம். வாசல் பள்ளத்தை நான் முன்மொழிந்தேன். அஸ்வினி திரையில் படம் போட்டுக் காட்டினாள். முதலில் சாலைப் பிரிவு அதிகாரி எழுந்தார். அவர்களுடைய பதிவேட்டின்படி சாலைகள் உயரவே இல்லையாம். வித்தியாசம் இருப்பது உண்மையானால் வீடுகள்தான் இறங்கியிருக்க வேண்டும், அதைக் கட்டடப் பிரிவில் கேளுங்கள் என்றார். கட்டடப் பிரிவுக்காரர், வீடுகள் இறங்கினால் அது நிலத்தடி நீர்ப் பிரிவு என்றார். நிலத்தடி நீர் அன்றைக்கு விடுப்பில் இருந்தது.

பிறகு தலைவர் எழுந்தார். கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

"இந்த மாறி நன்றாக வேலை செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதுதான் இதில் உள்ள குறை. இது ஒன்று வந்தால் மற்ற நாற்பத்தொன்றுக்கும் மரியாதை இல்லாமல் போகிறது. இந்த அம்மா ஏழு தெருவை ஒதுக்கச் சொல்கிறார். ஒதுக்கினால் முப்பத்தேழு தெருதான் மிஞ்சும். முப்பத்தேழு தெருவுக்கு நாற்பத்தொரு மாறியைக் கம்ப்யூட்டர் ஏற்காது என்றும் அவரே சொல்கிறார். அப்படியானால் துறைகளைக் குறைக்க வேண்டும். ஏழு தெருவுக்காக நான் எந்தத் துறையிடம் போய் நிற்பது? சரி, ஒதுக்க வேண்டாம், பூஜ்ஜியத்தைத் திருத்துங்கள் என்கிறார். பதிவான எண்ணைத் திருத்துவது மோசடி. என் கையால் அது நடக்காது. இன்றைய நிலையில் நம் மாதிரி, சென்ற ஆண்டு வெள்ளத்தை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக முன்கூட்டியே சொல்கிறது."

போன வருஷத்து வெள்ளத்தை இந்த வருஷம் முன்கூட்டியே சொல்கிறோம் என்று ஒரு மனுஷன் மைக்கில் சொல்கிறார், இருபது பேர் தலையாட்டுகிறார்கள். நான் எழுந்தேன். மாறி, மதிப்பெண் எல்லாம் மறந்துவிட்டது. சார், என் வீட்டுக்காரிக்கு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ், நாள் தவறினால் செத்துப்போய்விடுவாள் சார் என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

தலைவருக்கு நிஜமாகவே வருத்தம். என் பக்கம் குனிந்து, அது சுகாதாரத் துறையின் மாறி அல்லவா, அவர்கள் ஏற்கெனவே கொசு மருந்தைக் கொடுத்துவிட்டார்களே என்றார்.

தையல்காரர் டேப்புக்கு முத்திரைச் சான்று இல்லை என்ற காரணத்தால் வாசல் பள்ளம் நீக்கப்பட்டது. வாரியத்தின் வரலாற்றில் நீக்கப்பட்ட முதல் மாறி என்பதால் அதற்கு ஒரு வழியனுப்பு விழா வைத்தார்கள். மாறிக்குப் போட முடியாததால் பொன்னாடையை எனக்குப் போட்டார்கள். பாலியெஸ்டர், ஓரம் சரியாக மடிக்கவில்லை. தீபாவளி வாரத்தில் மோட்டார் பட்டியல் வந்தது. எங்கள் சந்துக்குக் கணிப்பு பூஜ்ஜியம், மோட்டாரும் பூஜ்ஜியம். பெயரில் எழுத்து அதிகமுள்ள ஒரு மேட்டுத் தெருவுக்கு இரண்டு மோட்டார் போயின. ஒன்றின் மேல் அங்கிருக்கும் வாட்ச்மேன் துண்டு காயப்போடுகிறார், நானே பார்த்தேன். அஸ்வினியின் ஒப்பந்தத்தை அந்த மாதத்தோடு முடித்துவிட்டார்கள். போகும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்த இருபது பேரில் அவள் ஒருத்திதான் கேட்டாள்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை பிடித்த மழை வெள்ளி விடிந்தும் விடவில்லை. காலை ஆறு மணிக்கு வாசலுக்கு மேலே தண்ணீர் தளும்பியது. ஜஹீதா அந்தப் பொன்னாடையைச் சுருட்டி வாசற்படியில் அடைத்துவைத்தாள். பத்து நிமிஷம் தாங்கியது. ஏழு மணிக்கு அவள் டயாலிசிஸ் படுக்கையில் இருந்திருக்க வேண்டும். ராபர்ட்டுக்கு நான்கு முறை போன் போட்டேன். குப்பத்திலேயே தண்ணீர், படகைத் தள்ளிக்கொண்டு வர நேரம் ஆகும் என்றான். பதினொன்றரைக்கு ஃபைபர் படகோடு வந்துவிட்டான். நல்லா இருக்கட்டும்.

"அக்காவ குடு நைனா, நீ ஏறு," என்று அவளை அலுங்காமல் வாங்கி உட்காரவைத்தான். கால் இரண்டும் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தன. நான் ஏறுவதற்கு முன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, கடை வாசலில் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். பழக்கதோஷம். நாற்பத்திரண்டு இஞ்ச்.

சந்து முனையில், டீக்கடை மேடை மேல், குடையும் கணக்கெழுதும் அட்டையுமாக மண்ணாங்கட்டி நின்றுகொண்டிருந்தார். படகு பக்கத்தில் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். என்னைப் பார்த்ததில் அவருக்கு ஒரே ஆறுதல்.

"பாய், நல்ல வேள. இந்த வருசம் புது ரூலு. காலி கட்டத்த கமிட்டி மெம்பர் யாருனா பாத்து கையெழுத்து போடணுமாம்."

அளவுக் கட்டத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். உள்ளே இறங்கி அளந்தவர்தான் அங்கே எழுத வேண்டும், உத்தரவு அப்படி. ராபர்ட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப நீயும் போட்ல ஏறு மாமா. உள்ள போயி அளந்துகினு வந்துரு." மண்ணாங்கட்டி ஏறத் தயார்தான். ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டார். சுற்றறிக்கையில் படகு பற்றி ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, அட்டையை என்னிடம் நீட்டினார். தண்ணீர் சொட்டியது. ஜஹீதா இருமினாள். தகராறு செய்ய நேரமில்லை. எழுத இருந்த ஒரே இடம் கையெழுத்துக் கட்டம்தான். அதில் பேனாவை அழுத்தி, 42 இஞ்ச் என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். இனி யாரும் பூஜ்ஜியம் போட முடியாது என்ற திருப்தி எனக்கு.

ஆஸ்பத்திரி சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. அவள் முறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், குற்றம் சொல்ல முடியாது. சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒரு படுக்கை கிடைத்தது. நான்கு மணி நேரம் ஓட வேண்டிய மெஷினை இரண்டு மணி நேரம்தான் ஓட்ட முடியும், மீதியைச் செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் செவ்வாய் தவறவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அவள் கையில் ஊசியோடு படுத்திருந்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது போனில் வாரியத்திலிருந்து செய்தி வந்தது. குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் போயிருக்கிறது.

மீரான் சாயபு சந்து. மாதிரியின் கணிப்பு பூஜ்ஜியம். களப் பதிவு பூஜ்ஜியம். கணிப்பு முழுமையாகச் சரி. பொதுமக்கள் உறுப்பினர் நேரில் ஒப்பமிட்டு உறுதி செய்துள்ளார். ஆகவே அச்சந்துக்கு மோட்டார் கோரும் மனு, தேவை இல்லாததால் முடித்துவைக்கப்படுகிறது. கீழே அத்தாட்சிக்குப் படம் போட்டிருந்தார்கள். ஒப்பம் என்று அச்சடித்த கட்டத்துக்குள், என் கையெழுத்தில், 42 இஞ்ச்.

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை ஜஹீதா போனை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல், தூரத்தில் பிடித்து, மெதுவாகப் படித்தாள்.

"இது நீங்க எழுதுனதுதான?"

"ஆமா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"ராபர்ட்டுக்கு இப்பவே ஒரு போன போட்டுருங்க," என்றாள். "செவ்வாக்கெழம காலைல அஞ்சுக்கே வரச் சொல்லுங்க."